தரவின் முகவரி: மேசைக் கணினியில் ‘பயனரின் இல்லம்’ உருவான வரலாறு

ஓர் ஆய்வு மாணவரிடம் அவருடைய ஆய்வேடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், ‘வேர்டில்’ என்பார். மேற்கோள் குறிப்புகள் எங்கே என்றால் ‘ஸோட்டெரோவில்’ என்பார். கடவுச்சொற்கள்? ‘குரோமில்’. மூன்று விடைகளும் நிரல்களின் பெயர்கள்; எதுவும் இடத்தின் பெயர் அன்று. அந்தத் தரவு வட்டில் எந்த அடைவில் கிடக்கிறது, யாருடைய உரிமையின்கீழ் உள்ளது, வேறு எந்த நிரல் அதைப் படிக்க இயலும் என்பனவற்றைப் பெரும்பாலோர் அறியார். வட்டு பழுதாகும் நாள்வரை அறிய வேண்டிய தேவையும் எழுவதில்லை.

நிரல் ஒன்று தன்னைப் பயன்படுத்துவோரின் தனிப்பட்ட தரவை எங்கே வைக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிறு நுட்பமாகத் தோன்றலாம். ஆயினும், கடந்த அறுபது ஆண்டுகளில் அதற்குக் கிடைத்த விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒவ்வொன்றின் அடியிலும் மற்றொரு வினா இருந்திருப்பது புலப்படும்: யாரிடமிருந்து யாரைக் காப்பது? முதற்காலத்தில் ஒரு பயனரை மற்றொரு பயனரிடமிருந்து காக்க வேண்டியிருந்தது. பின்னர் இயங்குதளத்தைப் பயனரிடமிருந்து. இன்றோ, பயனரை அவரே நிறுவிக்கொண்ட நிரல்களிடமிருந்து. தரவின் முகவரி மாறிய வரலாறு, இந்தச் சுவர் இடம்பெயர்ந்த வரலாறே ஆகும்.

எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் உருவாகி, 1961இல் முதன்முதலாகச் செய்துகாட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் என்னும் காலப்பகிர்வு அமைப்பிலிருந்து தொடங்கலாம். ஒரே பெருங்கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்த வேண்டியிருந்ததால், ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புத் தொகுதியும் அதற்குப் பூட்டாகக் கடவுச்சொல்லும் தேவைப்பட்டன. கணினியில் ‘தனிப்பட்டது’ என்ற கருத்து பிறந்தது இத்தகைய கூட்டு வாழ்க்கையில்தான். 1960களில் அங்கே நிகழ்ந்த ஒரு விபத்தைக் கோர்பட்டோ தம் டூரிங் விருது உரையில் விவரித்துள்ளார். ஒருநாள் கணினிக்குள் நுழைந்த ஒவ்வொருவரின் முனையத்திலும், வழக்கமான அன்றாட அறிவிப்புக்கு மாற்றாக, எல்லாப் பயனர்களின் கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன.

காரணம் எளியது. உரைத் திருத்தி நிரல், தான் திருத்தும் கோப்பின் இடைக்கால நகலை அந்த அடைவிலேயே, எப்போதும் ஒரே பெயரில் வைத்தது. ஓர் அடைவில் ஒரே வேளையில் ஒருவர் மட்டுமே வேலை செய்வார் என்பது அதன் வடிவமைப்பின் அடிப்படை. ஆனால், அமைப்பை நிருவகித்தவர்கள் தமக்குள் ஒரே அடைவைப் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்தியபோது மற்றொருவர் அறிவிப்புக் கோப்பைத் திருத்தினார். இடைக்கால நகல்கள் இடம் மாறின. யாரும் ஊடுருவவில்லை, யாரும் திருடவில்லை. ஒரு நிரல் தன் நகலை எங்கே, எந்தப் பெயரில் வைத்தது என்பது மட்டுமே ஓர் ஆய்வகத்தின் மறைபொருள்கள் அனைத்தையும் வெளிப்படுத்தப் போதுமானதாயிற்று.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் இக்கூட்டு வாழ்க்கையின் வழித்தோன்றல். அதன் தொடக்கக் காலத்தில் பயனர்களின் அடைவுகள் ‘யூஎஸ்ஆர்’ என்ற அடைவின்கீழ் இருந்தன. பெயரே அதைச் சொல்கிறது. முதன்மை வட்டில் இடம் போதாமல் போகவே, இயங்குதளத்தின் நிரல்களும் அங்கே குடியேறின. காலப்போக்கில் பயனர்கள் வெளியேறி ‘ஹோம்’ போன்ற வேறு அடைவுகளுக்குச் சென்றனர். இன்றைய லினக்ஸ் கணினியிலும் ‘யூஎஸ்ஆர்’ உண்டு. அதனுள் பயனர் எவரும் இல்லை.

1979இல் வெளிவந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில், பயனரின் இல்ல அடைவு எது என்பதை நிரல்களுக்கு அறிவிக்கும் ‘ஹோம்’ என்ற சூழல் மாறியும், பயனர் நுழையும்போதே படிக்கப்படும் ‘.புரொஃபைல்’ என்ற கோப்பும் இடம்பெற்றன. இந்தக் கோப்பின் பெயர் புள்ளியில் தொடங்குவது கருதத்தக்கது. யூனிக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் கோப்புப் பட்டியலில் காட்டப்படுவதில்லை. இது திட்டமிட்டு வகுக்கப்பட்ட மறைப்பு முறை என்றே பலரும் கருதிவந்தனர். யூனிக்ஸ் குழுவைச் சேர்ந்த ராப் பைக் 2012இல் கூகுள் பிளஸ் தளத்தில் எழுதிய குறிப்பு வேறு கதையைச் சொன்னது. நடப்பு அடைவைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியையும், மேலடைவைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியையும் பட்டியலிலிருந்து நீக்கவே முதலில் கருதப்பட்டது. முழுப் பெயரையும் ஒப்பிடாமல் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் சோதிக்கும் குறுக்குவழி கையாளப்பட்டது. அந்தக் குறுக்குவழியின் பக்க விளைவே ‘மறைகோப்பு’ என்னும் கருத்து.

விளைவு நீண்டது. கண்ணில் படாத இடம் கிடைத்ததும், ஒவ்வொரு நிரலும் தன் அமைவுகளையும் வரலாற்றையும் பயனரின் இல்லத்தில் ஒரு புள்ளிக்கோப்பாக இட்டுச் சென்றது. பல ஆண்டுகள் பயன்பட்ட ஓர் இல்ல அடைவில், பயனர் அறிந்து உருவாக்கிய கோப்புகளைக் காட்டிலும் அவர் அறியாமல் உருவான கோப்புகள் மிகுதியாக இருப்பது இயல்பாயிற்று. இல்லம் பயனருடையது, ஆனால், அதில் பொருளை வைக்க எந்த நிரலும் அவரிடம் இசைவு கேட்டதில்லை.

இதே காலத்தில் மற்றொரு மரபு வேறு திசையில் வளர்ந்தது. 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசி ஒருவருக்கு உரிய கணினி என்ற எண்ணத்தில் பிறந்தது. 1983இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0 அடைவுகளை அறிமுகப்படுத்தியது. பயனர் என்ற கருத்தை அறிமுகப்படுத்தவில்லை. கணினி முழுவதுமே ஒருவருடையது எனில் அவருக்கெனத் தனி இல்லம் எதற்கு? ஆகவே நிரல்கள் தம் சொந்த அடைவிலேயே எல்லாவற்றையும் வைத்தன. நிரலும், அமைவும், பயனர் எழுதிய கடிதமும் அருகருகே கிடந்தன. நிரலை நீக்கினால் கடிதமும் போகக்கூடும். பின்னர் வந்த விண்டோஸ், அமைவுகளை ‘வின்.ஐஎன்ஐ’ போன்ற பொதுக் கோப்புகளில் சேர்த்தது. அப்போதும் அவை கணினியின் அமைவுகளாகவே இருந்தன. ஒரு மனிதருடைய அமைவுகளாக ஆகவில்லை.

விண்டோஸ் என்டி 1993இல் வெளிவந்தபோது, பயனர் ஒவ்வொருவருக்கும் தனிப்பகுதி கொண்ட ‘ரெஜிஸ்ட்ரி’யும் உடன் வந்தது. ‘மை டாக்குமென்ட்ஸ்’ என்ற கோப்புறை 1990களின் நடுவில் பொதுமக்களின் கணினிகளுக்கு வந்தது. அது முதலில் சி வட்டின் வேர் அடைவில், கணினிக்கு ஒன்று என்ற கணக்கில் இருந்தது. ‘மை’ என்பது யாரைக் குறிக்கிறது என்று கேட்டால் அந்தக் கணினியிடம் விடை இருந்திருக்காது. விண்டோஸ் 2000 ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்ற அடைவின்கீழ் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் இல்லத்தை வகுத்தது.

இந்தக் குழப்பத்தின் சமூகப் பொருளை இந்தியாவில் தெளிவாகக் காண இயலும். 1990களின் இறுதியிலும் 2000களிலும் இந்நாட்டில் எண்ணற்றோர் முதன்முதலாகக் கணினியைத் தொட்டது பிரவுசிங் சென்டரிலும் கல்லூரி ஆய்வகத்திலும்தான். ஒருவருக்கென வடிவமைக்கப்பட்ட கணினியை அங்கே ஒரு நாளில் பலர் பயன்படுத்தினர். விண்டோஸ் 98இல் தனித்தனிப் பயனர் அமைவு விருப்பத்திற்குரியது மட்டுமே. நுழைவுச் சாளரத்தை எஸ்கேப் விசையால் கடந்துவிடலாம். ஆகவே, தேர்வு முடிவைப் பார்த்தவரின் பதிவெண்ணும், வேலைக்கு விண்ணப்பித்தவரின் தன்விவரமும், மின்னஞ்சல் முகவரிகளும் அடுத்து அமர்ந்தவருக்குத் தெரியும் நிலையில் அதே வட்டில் எஞ்சின. பின்னர் 2011இல் வகுக்கப்பட்ட தகவல் தொழில்நுட்பச் சைபர் கஃபே வழிகாட்டு விதிகள், பயனர்கள் பார்த்த இணையதளங்களின் வரலாற்றை ஓராண்டுக் காலம் பாதுகாக்கும் கடமையைக் கடை உரிமையாளர் மீது சுமத்தின. பயனரின் தடயம் பயனரிடம் இல்லாமல் கணினியின் உரிமையாளரிடம் தங்கிய நிலையை, சட்டமும் தன் தேவைக்கு ஏற்றதாகக் கண்டது.

விண்டோஸின் அடுத்த பெருமாற்றம் 2007இல் பொதுமக்களுக்கு வந்த விஸ்டாவோடு நிகழ்ந்தது. அதுவரை பெரும்பாலான இல்லப் பயனர்கள் நிருவாகி உரிமையோடே கணினியை இயக்கியதால், நிரல்கள் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ அடைவிலேயே பயனர் தரவை எழுதும் பழைய வழக்கத்தைத் தொடர்ந்தன. விஸ்டா அந்தக் கதவை மூடியது. ஆனால், பழைய நிரல்கள் முறிந்துவிடக் கூடாது. எனவே, நிரல் தன் பழைய இடத்தில் எழுதியதாகவே எண்ணிக்கொள்ள, இயங்குதளம் அந்தக் கோப்பைப் பயனரின் இல்லத்திற்குள் ‘வர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற மறைவிடத்திற்குச் சத்தமின்றித் திருப்பிவிட்டது. இருபது ஆண்டுக் காலப் பழக்கத்தை மாற்ற ஓர் இயங்குதளம் தன் நிரல்களிடம் பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

விஸ்டாவின் ‘ஆப்டேட்டா’ அடைவு மூன்றாகப் பிரிந்திருந்தது. நிறுவன, பல்கலைக்கழக வலையமைப்புகளில் பயனர் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் அவரோடு பயணம் செய்ய வேண்டிய தரவு ‘ரோமிங்’ பகுதியில். ஒரே கணினியில் தங்க வேண்டியது ‘லோக்கல்’ பகுதியில். நம்பகம் குறைந்த நிரல்கள் எழுதத்தக்கது ‘லோக்கல்லோ’ பகுதியில். ஒரு தரவு யாருடையது என்ற வினாவோடு, அது எங்கெங்கு செல்ல வேண்டும், அதை எழுதிய நிரல் எவ்வளவு நம்பத்தக்கது என்ற வினாக்களும் அடைவின் பெயரிலேயே இடம்பெற்றன.

ஆப்பிளின் மெக்கின்டாஷ் இதே தெளிவை வேறு வழியில் எய்தியது. 1991இல் வந்த சிஸ்டம் 7 நிரல்களின் அமைவுகளுக்கெனத் தனிக் கோப்புறை ஒன்றை ஏற்படுத்தியது. யூனிக்ஸ் மரபில் எழுந்த மேக் ஓஎஸ் எக்ஸ் 2001இல் வந்தபோது, பயனரின் இல்லத்திற்குள் ‘லைப்ரரி’ என்ற அடைவும், அதனுள் அமைவுகளுக்கும், நிரல்களின் துணைத் தரவுக்கும், அழித்தாலும் மீண்டும் உருவாக்கிக்கொள்ளத்தக்க தற்காலிகச் சேமிப்புக்கும் தனித்தனி இடங்களும் அமைந்தன. 2011இல் வெளிவந்த லயன் பதிப்பு அந்த லைப்ரரியைப் பயனரின் கண்ணிலிருந்து இயல்பாகவே மறைத்தது. கைதவறிச் சிதைக்காமல் காப்பது நோக்கமாக இருக்கலாம். ஆயினும், அதன்பின் பயனரின் இல்லத்தில் பயனர் அறியாத ஓர் அறை நிலைபெற்றது.

லினக்ஸ் உலகில் புள்ளிக்கோப்புகளின் நெரிசலுக்குத் தீர்வு காணும் முயற்சி 2003இல் எழுத்துவடிவம் பெற்றது. வால்டோ பாஸ்டியன் முதலானோர் ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின்வழி வெளியிட்ட எக்ஸ்டிஜி அடிப்படை அடைவு வரையறை, தரவை அதன் கதியைக் கொண்டு வகைப்படுத்தியது. பயனர் தேர்ந்த அமைவுகள் ‘.கான்ஃபிக்’ அடைவில், இழக்கக் கூடாத தரவு ‘.லோக்கல்’ அடைவின் ‘ஷேர்’ பகுதியில். எப்போது வேண்டுமானாலும் அழிக்கத்தக்கது ‘.கேஷ்’ அடைவில். இதன் பயன் உடனடியானது. காப்புப் பிரதி எடுப்பவர் எதை எடுக்க வேண்டும், எதை விடலாம் என்பதை ஒவ்வொரு நிரலின் உள்ளமைப்பையும் ஆராயாமலே அறிய முடிந்தது. ஆனால், கட்டளை வரலாறு, அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியல் போன்றவை எதில் சேரும்? அவை பயனர் தேர்ந்த அமைவும் அல்ல, எளிதில் அழிக்கத்தக்க கழிவும் அல்ல. இவற்றுக்கென ‘ஸ்டேட்’ என்ற நான்காம் வகையைச் சேர்க்க 2021வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருவர் தம் கணினியில் என்னென்ன செய்தார் என்ற தடயமே மிக அந்தரங்கமான தரவு. அதற்குப் பெயரிடுவதற்கே பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

வரையறைக்குக் கட்டாயம் ஏதும் இல்லை. நிரலாளர் விரும்பினால் பின்பற்றலாம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இவ்வரையறையை ஏற்க வேண்டும் என்று 2004இல் பதிவான கோரிக்கை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலுவையில் இருந்தது. பழைய இடத்தில் கோடிக்கணக்கானோரின் தரவு கிடக்கும்போது புதிய இடத்திற்கு மாறுவது எளிதன்று. முகவரி ஒருமுறை நிலைத்துவிட்டால் அதுவே வரலாறாகி விடுகிறது.

இதுவரை சொன்ன ஏற்பாடுகள் அனைத்தும் ஒரு நம்பிக்கையின்மேல் நின்றன: பயனர் இயக்கும் நிரல் பயனரின் கையைப் போன்றது, அவருக்கு உள்ள உரிமைகள் அனைத்தும் அதற்கும் உண்டு. யூனிக்ஸின் அனுமதி முறை அண்டை வீட்டாரிடமிருந்து காக்கும். வீட்டிற்குள் அழைக்கப்பட்ட விருந்தினரிடமிருந்து காக்காது. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் நிரலில் வெளிப்பட்ட பிழை இதற்குச் சான்று. பயனர் ஒருவர் ஸ்டீமின் அடைவை இடம் மாற்றியிருந்தார். நிரலின் துணைக் கட்டளைத்தொடர் தன் அடைவின் முகவரியைக் கண்டறிய இயலாமல், அதை வெற்றாகவே விட்டு, ‘அந்த முகவரியின்கீழ் உள்ள அனைத்தையும் அழி’ என்ற கட்டளையை நிறைவேற்றியது. முகவரி வெற்றாக இருந்ததால் அழிப்பு வட்டின் வேரிலிருந்தே தொடங்கியது. அவருக்கு எழுத உரிமை இருந்த கோப்புகள் அனைத்தும், இணைக்கப்பட்டிருந்த காப்பு வட்டில் இருந்தவை உட்பட, அழிந்தன. இயங்குதளத்தின் கோப்புகள் பத்திரமாக இருந்தன. எவற்றை மீண்டும் பதிவிறக்கிக்கொள்ள முடியுமோ அவை காக்கப்பட்டன. எவற்றை மீண்டும் பெறவே முடியாதோ அவை போயின.

2018 அக்டோபரில் விண்டோஸ் 10இன் புதுப்பிப்பு ஒன்று இன்னொரு வகைச் சான்றைத் தந்தது. ‘டாக்குமென்ட்ஸ்’ போன்ற கோப்புறைகளை வேறு வட்டுக்கோ மேகச் சேமிப்பகத்திற்கோ திருப்பிவிட்ட சிலரின் கணினிகளில், பழைய இடத்திலும் அதே பெயரில் கோப்புறை எஞ்சியிருந்தது. அது வெற்று நகல் எனக் கருதி அதை நீக்கும்படி புதுப்பிப்பு வடிவமைக்கப்பட்டிருந்தது. ஆனால், சிலரின் பழைய கோப்புறையில் கோப்புகள் இருந்தன. அவையும் நீங்கின. பாதிப்புற்றோர் மிகச் சிலரே ஆயினும், மைக்ரோசாஃப்ட் அந்தப் புதுப்பிப்பைச் சில நாட்களில் நிறுத்திவைத்து, நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டது. ‘பயனரின் ஆவணங்கள்’ என்ற ஒரே பெயருக்கு இரண்டு முகவரிகள் இருந்ததே அந்த இழப்பின் வேர்.

இத்தகைய பட்டறிவுகளோடு தீங்குநிரல்களின் பெருக்கமும் சேர்ந்து, சுவர் நிரல்களுக்கு இடையே நகர்ந்தது. ஆப்பிள் தன் மேக் நிரல் அங்காடியில் இடம்பெறும் நிரல்கள் தத்தம் ‘கன்டெய்னர்’ அடைவுக்குள் அடங்கி நடக்க வேண்டும் என்பதை 2012இல் கட்டாயமாக்கியது. 2019இல் வந்த கேட்டலினா பதிப்பில், ஆவணங்கள், பதிவிறக்கங்கள் ஆகிய கோப்புறைகளைத் தொட விழையும் நிரல் பயனரின் இசைவைப் பெற வேண்டியதாயிற்று. லினக்ஸில் ஃபிளாட்பேக் நிரல்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒதுக்கப்பட்ட அடைவில் தங்குகின்றன. விண்டோஸில் குரோம் உலாவி தன் நினைவிகளுக்கு இட்டிருந்த மறையாக்கத்தை, அதே பயனரின்கீழ் இயங்கும் எந்த நிரலும் இயங்குதளத்திடம் கேட்டுத் திறக்க முடிந்தது. 2024இல் வந்த மாற்றம் அந்தத் திறவுகோலைக் குரோமுக்கு மட்டும் உரியதாக்க முயன்றது.

ஆனால், இந்தப் புதிய சுவருக்கும் ஒரு விலை உண்டு. நிரலுக்குள் பூட்டப்பட்ட தரவு திருடரிடமிருந்து மட்டும் அன்றிப் பயனரிடமிருந்தும் விலகிச் செல்கிறது. ஆய்வுலகம் நன்கறிந்த ஸோட்டெரோவின் கதை இங்கே பொருந்தும். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று, புதுஊடக மையத்தில் உருவான அந்நிரல், 2006இல் ஃபயர்ஃபாக்ஸின் நீட்சியாக வெளிவந்தது. அதன் தரவு உலாவியின் சுயவிவர அடைவுக்குள், தொடர்பற்ற எழுத்துகளால் பெயரிடப்பட்ட மறைவான கோப்புறையில் இருந்தது. உலாவிக்கு என்ன நேர்ந்தாலும் அது பல ஆண்டு வாசிப்பின் குறிப்புகளையும் தொடும் நிலை. 2017இல் வந்த ஐந்தாம் பதிப்பு, தரவைப் பயனரின் இல்லத்தில், மறைவின்றி, ‘ஸோட்டெரோ’ என்ற பெயரிலேயே வைத்தது. எக்ஸ்டிஜி வரையறையின்படி இது ஒழுங்குமீறல். ஆயினும், ஆய்வாளரின் பக்கமிருந்து பார்த்தால் இதுவே சரியான முகவரி. நிரலின் அமைவு மறைவாக இருக்கலாம். ஒருவரின் உழைப்பு அவர் கண்முன் இருக்க வேண்டும்.

மேகச் சேமிப்பகம் இந்த வினாவைக் கணினிக்கு வெளியே கொண்டுபோய்விட்டது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த அல்லது குடும்பத் தேவைக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது. வட்டில் உள்ள கோப்பைத் தாமே கையாளும் ஒருவருக்கு அச்சட்டத்தின் துணையும் தேவையில்லை. அதே கோப்பு ஒரு நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கும்போது, அந்நிறுவனத்தின் கடமைகள், பயனரின் இசைவு, அதைத் திரும்பப் பெறும் உரிமை என்ற சட்ட உறவுகள் எழுகின்றன. முன்பு அடைவின் பெயர் தீர்த்துவைத்ததை இப்போது ஒப்பந்தமும் சட்டமும் தீர்க்க வேண்டியுள்ளது. மார்ட்டின் கிளெப்மன் முதலானோர் 2019இல் முன்வைத்த ‘லோக்கல்-ஃபர்ஸ்ட்’ கொள்கை, தரவின் முதன்மை நகல் பயனரின் கணினியிலேயே இருக்க வேண்டும், சேவையகத்தில் இருப்பது துணை நகலாகவே இருக்க வேண்டும் என்று வாதிடுவது இந்தப் பின்புலத்தில்தான்.

இவ்வரலாறு தரும் விடையைச் சுருக்கமாகக் கூறலாம். பயனர் படைத்தது, அவர் அறிந்த பெயரில், எல்லா நிரல்களையும் தாண்டி நிலைக்கும் வடிவில், அவர் கண்முன் இருக்க வேண்டும். அவர் தேர்ந்த அமைவுகள் தனியே தொகுத்து எடுத்துச் செல்லத்தக்கனவாக இருக்க வேண்டும். நிரல் தானே சேர்த்த தடயங்கள் பிற நிரல்களுக்கு எட்டாதனவாகவும், பயனர் விரும்பும்போது அழிக்கத்தக்கனவாகவும் இருக்க வேண்டும். இம்மூன்றையும் ஒரே அடைவில் கலந்து வைக்கும் நிரல், எவ்வளவு வசதியானதாயினும், 1960களின் அந்த உரைத் திருத்தி செய்த பிழையையே மீண்டும் செய்கிறது. பல்கலைக்கழகங்கள் ஆய்வு மாணவர்களுக்கு மேற்கோள் முறையைக் கற்பிக்கின்றன. கருத்துத்திருட்டைக் கண்டறியும் மென்பொருளைக் கற்பிக்கின்றன. ஐந்தாண்டு உழைப்பு வட்டில் எந்த முகவரியில் இருக்கிறது என்று கண்டறிவதையும் முதல் பருவத்திலேயே கற்பிக்கலாம். அதற்கு ஒரு பிற்பகல் போதும்.